வீட்டுக் கணக்கு: யானையை வாங்கலாம், தீனி யார் போடுவது?



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நம் பகுதிக்கு எழுதியிருக்கிறார். கணவன் மனைவி இருவருமே தோட்டத்தில் வேலை. மூன்று பிள்ளைகள், வயதான தாயார் ஒருவர், ஆக வீட்டில் ஆறு பேர். தாயாருக்கு நீரிழிவும் முழங்கால் வலியும். மாதத்தில் இரண்டு மூன்று முறை ஈப்போ பொது மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. மூத்த மகள் ஐந்தாம் படிவம் முடிக்கிறாள். அடுத்த ஆண்டு பாலிடெக்னிக்கில் சேர ஆசைப்படுகிறாள்.

பட்டணத்துக் காடிக் கடையில் அவர் ஓர் எஸ்.யூ.வி. பார்த்திருக்கிறார். விளம்பரத்தில்தான் எஸ்.யூ.வி.; நம் வாயில் அது ஜீப்தான். 2010-ஆம் ஆண்டு ஹோண்டா சி.ஆர்.வி., 2 லிட்டர் இயந்திரம், மீட்டரில் 190,000 கிலோமீட்டர், விலை 22,000 வெள்ளி. கையில் இருப்பது 6,000 வெள்ளி. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாம் கணக்கில், நினைத்தபோது எடுக்கக்கூடிய பணமாக இன்னும் 3,000 வெள்ளி. "வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நாளைக்கு இதே கேள்வியோடு வேறொரு காடியின் முன்னால் வேறொருவர் நிற்பார். ஆகவே விடைக்கு வரும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன். மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் பலரையும் பயமுறுத்துகிற அந்த 190,000-ஐப் பார்ப்போம். எண் பெரிதுதான். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 12,600 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. ஒரு குடும்பம் சாதாரணமாக ஓட்டுகிற ஓட்டம்தான் இது. இதே வயதுக் காடி ஒன்று பக்கத்திலேயே 60,000 கிலோமீட்டர் காட்டிக்கொண்டு நின்றால் நான் அதைக் கண்டுதான் அஞ்சுவேன். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால், ஓடாத காடியாகவும் இருக்கலாம், மீட்டரைப் பின்னால் சுற்றிவிட்ட காடியாகவும் இருக்கலாம்.

எத்தனை ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பதே முக்கியம். சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வந்த காடி ஓர் ஆண்டிலேயே 30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் அது ஒரே வேகத்தில், நல்ல சாலையில் ஓடிய ஓட்டம். அதில் பாதி தூரமே தோட்டத்துச் செம்மண் சாலையில், குலை லோரி தோண்டிப் போட்ட பள்ளங்களில் ஓடிய காடி அதைவிட அதிகம் அடிபட்டிருக்கும். பெரிய எண்ணைக் கண்டு ஓடவும் வேண்டாம், சின்ன எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

மீட்டர் பொய் சொல்லலாம், மற்ற இடங்கள் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீரிங் வளையத்தின் தோல், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் இந்த மூன்றையும் பாருங்கள். 60,000 ஓடிய காடியில் மிதி ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். இயந்திரப் பெட்டிக்குள்ளும் கதவு இடுக்கிலும் பழைய எண்ணெய் மாற்றிய ஒட்டுத்தாள்கள் இருக்கும். அதில் எழுதிய கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தோடு வருகிற 190,000, புத்தகம் இல்லாத 90,000-ஐவிட மேல்.

அடுத்து உடல் பரிசோதனை. இதைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். கடைக்காரர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு கெட்டியாக ஒட்டியிருந்தால், குளிர்விக்கும் தண்ணீர் எண்ணெயோடு கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெரிய செலவு அது. பிறகு இயந்திரத்தை முடுக்கச் சொல்லிப் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இயந்திரம் எண்ணெயைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கருப்புப் புகை வந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

ஆட்டோ கியரை இடம் மாற்றும்போது தூக்கிப் போடுகிறதா, வேகம் எடுக்கும்போது இயந்திரம் மட்டும் அலறி, காடி நகரத் தயங்குகிறதா என்று கவனியுங்கள். பழைய காடியில் இயந்திரத்தைவிட கியர்பாக்ஸ்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும். பல காடிகளில் ஏறக்குறைய 100,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால் இயந்திரமே நொறுங்கிப் போகலாம். சகோதரர் பார்த்த சி.ஆர்.வி.யில் பெல்ட் இல்லை, சங்கிலி. அது ஒரு நல்ல செய்தி. ஆனால் அந்தக் காடிக்கே உரிய ஒரு சோதனை உண்டு. ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக வட்டம் போடுங்கள். பின்பக்கம் முனகுவதுபோல் சத்தம் வந்தால் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எண்ணெயை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். ஆனால் அதையே மாற்றாதவர் மற்றதை மட்டும் மாற்றியிருப்பாரா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் வயதான டயர் ஆபத்துதான். நான்கு சக்கரமும் இழுக்கிற காடியானால் நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படித் தண்ணீரில் கிடந்த காடிகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவது உண்டு. இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்ப்பூச்சு, உள்ளே ஈரப்பாய் வாடை எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லும். கடைசியாக, உரிமைப் பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் காடியில் பொறித்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

"புஸ்பாகோம் பரிசோதனையில் பாஸாகிவிட்டது, வேறு என்ன வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்பார். அந்தப் பரிசோதனை தேவைதான். ஆனால் காடி சாலையில் ஓடத் தகுதியா, எண்கள் சரியா என்று பார்ப்பது வேறு. இந்த கியர்பாக்ஸ் இன்னும் மூன்று ஆண்டு தாங்குமா என்று பார்ப்பது வேறு. கடைக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடித்துப் பிறகு ஆயிரக்கணக்கில் இறைத்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

சரி, காடி நல்ல காடியாகவே இருக்கட்டும். இனிதான் நம் வீட்டுக் கணக்கு.

2010-ஆம் ஆண்டுக் காடிக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். கொடுத்தாலும் ஆண்டைக் குறைக்கும். சகோதரருக்குக் கடைக்காரர் ஒரு கடன் நிறுவனத்தைக் காட்டியிருக்கிறார். 6,000 வெள்ளி முன்பணம், மீதி 16,000-க்கு மாதம் 360 வெள்ளி, 60 மாதம். 360-ஐ 60-ஆல் பெருக்குங்கள்: 21,600. முன்பணத்தையும் கூட்டினால் 27,600. 22,000 வெள்ளிக் காடியின் உண்மையான விலை அதுதான். தவணைக்கு என்று எப்போது உட்கார்ந்தாலும், "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "முடிவில் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

இப்போது மாதச் செலவைப் பார்ப்போம். தவணை 360. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வீதம் 100 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் குடிமக்களுக்கு நடப்புக்கு வந்த 1 வெள்ளி 99 காசு விலையில் 199 வெள்ளி. இன்சூரன்சும் சாலை வரியும் ஆண்டுக்கு 1,500 என்று வைத்தால் மாதத்துக்கு 125. எண்ணெய் மாற்றம், சர்வீஸ் 100. பழுதுக்கு ஒதுக்கீடு 150. ஆக 934 வெள்ளி.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தால் கைக்கு 1,513. இருவர் சம்பளம் 3,026. அதில் 934 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு, மின்சாரம், நல்லது கெட்டது எல்லாம் மீதி இரண்டு பங்கில் நடக்க வேண்டும். ஒருவர் நோயில் படுத்து வேலைநாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலிருக்கும் சகோதரி சொல்வார். அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கோரிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டினால் 55 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். ஆனால் அந்தக் கழிவு காடியோடு வருவதில்லை, ஆளோடு வருவது. பழைய உரிமையாளர் கட்டிய தொகையைக் காட்டி, "இவ்வளவுதான் ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல்முறை காடி வாங்குகிறவருக்குக் கழிவு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கட்டினால்தான் பாதுகாப்பு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

டீசல் ஜீப் பார்க்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை நின்றபோது லிட்டர் விலை ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. "டீசல் என்றால் மலிவு" என்ற பழைய பேச்சை நம்பி வாங்காதீர்கள். அன்றன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி சகோதரரின் சேமிப்புக்கு வருவோம். பழைய காடி வாங்குகிறவர், விலையில் ஆறில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தனியே வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. 22,000-க்கு அது 3,600 சொச்சம். 9,000-இல் 6,000 முன்பணம் போனால் மிச்சம் 3,000. பழுதுக்கே அது பற்றாது. அப்படியானால் மகள் பாலிடெக்னிக்கில் சேரும் நாளில் எதை எடுப்பீர்கள்? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும், அல்லது ஆலோங்கிடம் கை நீட்ட வேண்டிவரும். காடிக்காகப் பிள்ளையின் படிப்பை ஓர் ஆண்டு தள்ளிவைத்தால், அந்த ஓர் ஆண்டை எந்தக் காடியிலும் ஏறிப் பிடிக்க முடியாது.

இன்னொரு விஷயத்தைச் சகோதரர் கவனித்தாரா என்று தெரியவில்லை. அந்தக் காடியில் ஐந்து பேருக்குத்தான் இருக்கை. வீட்டில் ஆறு பேர். பின்னிருக்கைக்காரரும் வார் கட்ட வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். ஆறாவது ஆளை யார் மடியில் உட்கார வைப்பது? அதோடு, முழங்கால் வலியுள்ள தாயார் ஒவ்வொரு முறையும் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கி ஏற வேண்டும். யாருக்காகக் காடி வாங்குகிறோமோ, அவருக்கே அது சிரமம்.

"தோட்டத்துச் சாலைக்கு ஜீப்தானே தாங்கும்?" என்பார்கள். உங்கள் சாலையில் பள்ளி வேன் வருகிறதா? மளிகைக்காரர் வேன் வருகிறதா? வருமானால் சாதாரணக் காடியும் நிதானமாக வரும். வேன் வராத சாலை என்றால் மட்டும் நான்கு சக்கரப் பேச்சை எடுங்கள்.

ஆகவே சகோதரரே, என் விடை: இந்தக் காடி, இந்த விலைக்கு, இந்த ஆண்டு வேண்டாம். காரணம் அந்த 190,000 இல்லை. ஆறு பேருக்கு அது போதாது. உங்கள் சேமிப்பை முழுவதும் விழுங்கிவிடும். யானையை வாங்க எப்படியாவது பணம் புரட்டிவிடலாம். தினமும் தீனி போடுவதுதான் பாடு.

காடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகும் தாயாருக்கு ஒரு வண்டி அவசியம். பெரொடுவா அல்சாபோல ஏழு பேர் உட்காரும் 1.5 லிட்டர்க் காடியைத் தேடுங்கள். அது 2009 நவம்பரிலிருந்து விற்பனைக்கு வந்தது. உதிரிப் பாகம் சின்னப் பட்டணத்திலும் கிடைக்கும். ஏறி இறங்கத் தாழ்வு. சாலை வரியும் குறைவு. நல்ல பதிவோடு 15,000 வெள்ளிக்குள் ஒன்று கிடைத்து, 4,000 முன்பணம் போட்டு, மாதம் 250 வீதம் 60 மாதம் கட்டினால் மொத்தம் 19,000. பெட்ரோல் 160, இன்சூரன்சும் வரியும் 100, சர்வீஸ் 80, பழுது 120 என்று வைத்தால் மாதம் 710 வெள்ளி. முன்னதைவிட 224 குறைவு. ஓர் ஆண்டில் 2,688 வெள்ளி மிச்சம். கையில் 5,000 இருக்கும். பாதி பழுதுக்கு, பாதி மகளுக்கு. அந்தக் காடி 180,000 ஓடியிருந்தாலும், மேலே சொன்ன சோதனைகளைத் தாண்டினால் தயங்காமல் வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுமுன் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியவை சில. பதிவுப் பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்; கடன் கிடைக்காவிட்டாலோ மெக்கானிக் பார்த்துக் குறை சொன்னாலோ பணம் திரும்பும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு விலை இல்லை.

"சம்போங் பாயார்" என்று அடுத்தவர் பெயரில் உள்ள காடியின் தவணையைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாட்டுக்குப் போகவே வேண்டாம். கடன் கொடுத்தவரின் சம்மதமில்லாமல் காடியைக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டுத் தவணைமுறைக் கொள்முதல் சட்டத்துக்கு விரோதம். நீங்கள் மூன்று ஆண்டு கட்டிய பிறகும் காடி இன்னொருவர் பெயரில்தான் நிற்கும். அதே சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காடியை இழுத்துக்கொள்ளலாம். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். நண்பர் கேட்டார் என்று ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்களே, அவர் கட்டாவிட்டால் கடன் உங்கள் தலைக்கு வரும்.

கடையில் வாங்கி ஏமாந்துவிட்டால் வாய்மூடி இருக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கேட்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அது வியாபாரிக்கு எதிராகத்தான். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வாசல் திறக்காது. கூடுதல் எச்சரிக்கை தேவை.

சகோதரரே, கடைக்காரர் "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் காத்திருக்கிறார்" என்று சொல்வார். காத்திருக்கட்டும். பழைய காடிக்கு நாட்டில் பஞ்சமில்லை. தாயாரையும் வீட்டுச் சகோதரியையும் மூத்த மகளையும் உட்கார வைத்து, மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் உங்கள் சொந்த எண்களைக் கொண்டு போட்டுப் பாருங்கள். நால்வரும் பார்த்துத் தலையசைத்த பிறகு கடைக்குப் போங்கள். அல்சாவோ வேறொன்றோ, எதைப் பார்த்தாலும் வாங்குமுன் விவரம் எழுதுங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்.